பழைய மோட்டார் கராஜ்களில் காப்பாற்ற வேண்டியது எது: முகப்பா, வண்டி ஏறி இறங்கிய வழியா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். மோட்டார் வாகனம் புழக்கத்துக்கு வந்த முதல் நாற்பது ஆண்டுகளில், ஏறத்தாழ 1900 முதல் 1940 வரை, கட்டப்பட்ட கராஜ்களைப் பதிவு செய்யும் பணியில் ஈடுபட்டிருக்கிறேன். ரயில் நிலையங்கள், ஆலைகள், துறைமுகக் கிடங்குகள் ஆகியவற்றைக் கட்டடக்கலை வரலாறு எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. கராஜோ அந்த வரிசையின் கடைசியில், ஏறக்குறைய வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறது. பாரிஸில் போந்தியூ தெருவில் கட்டடக்கலைஞர் ஒகுஸ்த் பெரே 1906-07இல் எழுப்பிய கராஜ், கான்கிரீட் சட்டகத்தை எந்தப் பூச்சும் இல்லாமல் தெருவுக்குக் காட்டிய தொடக்ககாலக் கட்டடங்களுள் ஒன்று என்று எல்லாப் பாடநூல்களும் புகழ்கின்றன. அந்தக் கட்டடமே 1970இல் இடிக்கப்பட்டது என்றால், புகழ் பெறாத மற்றவற்றின் கதி என்னவாக இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. பெயர்ப்பலகையும் எந்திரங்களும் போய், இடையில் இரண்டு மூன்று கைகள் மாறிய பிறகு, ஒரு கட்டடம் கராஜாகவே கட்டப்பட்டது என்பதையும், அது கிடங்காகவோ குதிரை லாயமாகவோ தொடங்கவில்லை என்பதையும் எந்தத் தடயங்களைக் கொண்டு உறுதி செய்வது? இது முதலாவது. மறுபயன்பாட்டுத் திட்டங்களில் பெரும்பாலும் முகப்பு மட்டும் நிறுத்தப்பட்டு, உள்ளே வண்டி மாடிக்கு ஏற இருந்த சாய்தளமும் தளங்களும் அகற்றப்படுகின்றன. அப்படி மிஞ்சுவதைப் பாதுகாக்கப்பட்ட கராஜ் என்று பதிவேட்டில் எழுதலாமா என்பது இரண்டாவது. நாங்கள் பயன்படுத்தும் படிவத்தில் முகப்பின் பாணி, அலங்காரம், சன்னல் வடிவம் என்று பல கட்டங்கள் இருக்கின்றன. வண்டி எந்த வழியாக உள்ளே வந்து, எங்கே திரும்பி, எப்படி மேலே ஏறியது என்று எழுதுவதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. படிவத்தை மாற்றக் கேட்பதற்கு முன் இங்குள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் முதல் கேள்விக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது. கராஜ் என்பது நகரும் பொருளுக்காகக் கட்டப்பட்ட கட்டடம். ஆகவே அதன் கட்டடக்கலை வண்டியின் பாதையில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. முகப்பு என்பது அந்தப் பாதை தெருவைத் தொடும் இடம், அவ்வளவே.

தொடக்கத்தில் இந்தக் கட்டட வகைக்கு முன்மாதிரி எதுவும் இருக்கவில்லை. வாடகைக் குதிரை லாயங்களும், கோச்சு வண்டி நிறுத்தும் கொட்டகைகளும், சைக்கிள் கடைகளும் மெல்ல மெல்லக் கராஜ்களாயின. லண்டனின் டென்மன் தெருவில் மின்சார வண்டி நிறுவனம் ஒன்று 1901இல் ஏழு மாடிகள் கொண்ட கராஜைத் திறந்தபோது, வண்டிகளை மேலே கொண்டுபோக லிஃப்டையே நம்பியது. அந்தக் காலத்து வண்டிகளின் எஞ்சினும் பிரேக்கும் செங்குத்தான ஏற்றத்தில் நம்பத்தக்கவையாக இல்லை என்பதையும், ஸ்டீயரிங் குறுகிய வளைவில் எளிதாகத் திரும்பாது என்பதையும் நினைத்துப் பார்த்தால், லிஃப்டும் தரையில் பதித்த சுழல்மேடையும் ஏன் தேவைப்பட்டன என்பது புரியும். பெரேயின் கராஜும் இதே தர்க்கத்தில் அமைந்ததுதான். நடுவில் கூரை வரை உயர்ந்த ஒரு கூடம், இருபுறமும் மாடித் தளங்கள், வண்டியை உயர்த்த லிஃப்ட், உயர்ந்த வண்டியை அதன் இடத்துக்கு நகர்த்திச் செல்ல ஓடும் பாலம் என்று முழுக் கட்டடமும் ஓர் எந்திரத்தைப் போல இயங்கியது. தெருவிலிருந்து பார்த்தால் தெரிந்த அந்தப் பெரிய நடுக் கண்ணாடி, உள்ளே இருந்த கூடத்தின் அகலத்தை அப்படியே வெளியே அறிவித்தது. முகப்பின் புகைப்படத்தை மட்டும் பார்த்து அதைத் தேவாலயத்தின் வட்டச் சாளரத்தோடு ஒப்பிட்டு நிறுத்திக்கொள்பவர்கள் பாதிக் கட்டடத்தைத்தான் பார்க்கிறார்கள்.

வண்டிகளின் திறன் கூடியதும் சாய்தளம் லிஃப்டை வென்றது. லிஃப்டில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போக முடியும். மாலையில் எல்லோரும் ஒரே வேளையில் வண்டி கேட்டால் கீழே வரிசை நிற்கும். அமெரிக்காவில் டியூமி என்பவரின் பெயரால் அறியப்பட்ட அரைத்தள முறை இதற்கு ஓர் அழகான விடை: கட்டடத்தை இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதியின் தளங்களை மறுபாதியினவற்றிலிருந்து அரை மாடி உயரம் தள்ளி வைத்தால், ஒவ்வொரு சாய்தளமும் பாதி உயரம் ஏறினால் போதும், அதன் நீளமும் அதற்கேற்பக் குறையும். லண்டனின் ஹெர்பிராண்ட் தெருவில் வாலிஸ் கில்பர்ட் கட்டடக்கலை நிறுவனத்தார் 1931இல் டைம்லர் வாடகைக் கார்களுக்காகக் கட்டிய கராஜில், சுழன்றேறும் சாய்தளமே கட்டடத்தின் முகமாகிவிட்டது. வெள்ளை உருளையாக வெளியே தெரியும் அந்தப் பகுதியை நீக்கினால் கட்டடத்தில் பேச எதுவும் மிஞ்சாது.

எனவே சாய்தளம் அகற்றப்பட்ட கட்டடத்தைப் பதிவேட்டில் "கராஜின் முகப்பு" என்று எழுதுங்கள். கராஜ் என்று எழுத வேண்டாம்.

மறுமொழி 2

தடயங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பழைய கட்டடங்களை அளந்து வரைவது என் தொழில். உள்ளே நுழைந்ததும் சுவரைப் பார்ப்பதற்கு முன் தரையைப் பார்ப்பது என் வழக்கம்.

பழுது பார்க்கும் குழி இருந்தால் அதுவே பெரிய சான்று. பின்னாளில் அதை மூடியிருப்பார்கள், ஆனாலும் அதன் ஓரத்தில் பதித்த இரும்புக் கோணச் சட்டம் தரையோடு தரையாக இரண்டு இணைகோடுகளாய்த் தெரியும். மூடியைத் திறக்க முடிந்தால் பக்கச் சுவர்களைப் பாருங்கள். பலகைகளைக் குறுக்கே போடுவதற்கான பள்ளமும், விளக்கோ கருவியோ வைப்பதற்கான சிறு மாடங்களும், ஒரு முனையில் குறுகலான படிகளும் இருக்கக்கூடும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது என்பதால் அது குழியில்தான் போய்த் தங்கும். அதனால் கவனமாகக் கட்டிய கராஜ்களில் குழியின் அடியிலிருந்து காற்று போக ஒரு குழாயோ துளையோ விட்டிருப்பார்கள். கிடங்கில் இத்தகைய ஒன்றுக்கு எந்தத் தேவையும் கிடையாது. (இதே காரணத்தால், மூடிக் கிடந்த குழிக்குள் காற்றோட்டம் கொடுக்காமல் யாரும் இறங்க வேண்டாம்.)

அடுத்தது வாயில். குதிரை வண்டிக் காலத்துக் கட்டடத்திலும் வாயில் மூலைகளில் சக்கரம் மோதாதபடி காப்புக் கற்கள் இருக்கும் என்பதால், அவற்றை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. ஆனால் லாயத்தில் கழிவுநீர் வடியும் வாய்க்கால்கள் குதிரை நிற்கும் தடுப்புகளை ஒட்டி ஓடும். கராஜிலோ கழுவும் இடம் தனியாக, பெரும்பாலும் நுழைவாயிலை ஒட்டி, சாய்வான தரையோடும் நடுவில் ஒரு வடிகாலோடும் அமைந்திருக்கும். மண் சாலையில் வந்த வண்டியைக் கழுவாமல் உள்ளே விட மாட்டார்கள். அந்த வடிகாலின் வழியில் எண்ணெயும் பெட்ரோலும் சாக்கடைக்குப் போகாமல் பிரிக்கும் தொட்டி இருந்தால், ஐயமே வேண்டாம்.

கூரையைப் பாருங்கள். நடுவில் தூண் நின்றால் வண்டியைத் திருப்ப முடியாது என்பதால், வில்போல் வளைந்த மரச் சட்டகங்களைச் சுவரிலிருந்து சுவருக்கு ஒரே தாவலில் போட்டார்கள். எஞ்சினைத் தூக்கச் சங்கிலிக் கப்பி மாட்டிய இரும்பு உத்திரமோ, அது ஓடிய தண்டவாளத்தின் தாங்கிகளோ அவற்றின் அடியில் மிஞ்சியிருக்கலாம்.

பலர் கவனிக்காத ஒன்று சூடேற்றும் ஏற்பாடு. குளிர் நாடுகளில் கராஜின் முதல் வேலை வண்டியைக் குளிரிலிருந்தும் ஈரத்திலிருந்தும் காப்பதாகவே இருந்தது. ரேடியேட்டரில் வெறும் தண்ணீர்தான், உறைந்தால் எஞ்சினின் உடலே பிளந்துவிடும். மரச் சட்டத்தின் மேல் பல அடுக்கு வார்னிஷ் பூசிய திறந்த உடலும் தோல் இருக்கைகளும் இருந்த வண்டியை இரவில் தெருவில் விட முடியாது. தீப் பயத்தால் கொதிகலனை வண்டிக் கூடத்துக்குள் வைக்காமல், வெளியிலிருந்து மட்டும் நுழையக்கூடிய தனி அறையில் வைத்து, வெந்நீர்க் குழாய்களை மட்டும் சுவருக்குள் விட்டார்கள். அப்படி வாசல் வெளிப்பக்கம் மட்டும் இருக்கும் அறை ஒன்றும், கூடத்துச் சுவரில் குழாய் நுழைந்த அடைபட்ட துளைகளும் சேர்ந்து கிடைத்தால், அந்தக் கட்டடம் வண்டிக்காகவே எழுந்தது என்று நான் துணிந்து எழுதுவேன். 1920-களில் மூடிய எஃகு உடல்களும் சீக்கிரம் காயும் செல்லுலோஸ் பெயின்டும் வந்து, வண்டி மழையிலும் வெயிலிலும் நிற்கப் பழகியதும், இந்த வகைக் கராஜின் தேவையே குறைந்துபோனது.

மறுமொழி 3

முதல் மறுமொழி எழுதிய நண்பரின் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆயினும் அவருடைய கடைசி வரியை ஏற்க இயலவில்லை. மறுபயன்பாட்டுத் திட்டங்களில் பணியாற்றுபவன் என்ற முறையில் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்கிறேன்.

பிழைத்து நிற்கும் கராஜ்களில் பல, முகப்பால்தான் பிழைத்தன. லண்டன் ஃபுல்ஹாம் சாலையில் டயர் நிறுவனமான மிஷ்லின் 1911இல் திறந்த கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டிகள் உள்ளே வந்து டயர் மாற்றிக்கொண்டு போன இடம் அது. பிரான்ஸ்வா எஸ்பினாஸ் வடிவமைத்தது, என்னபிக் முறை எனப்படும் கம்பி பதித்த கான்கிரீட்டில் கட்டப்பட்டது. பந்தயக் கார்களைச் சித்திரிக்கும் பீங்கான் ஓட்டுப் படங்களும், வண்ணக் கண்ணாடிச் சன்னல்களில் இருந்த மிஷ்லின் பொம்மை மனிதரும் இல்லாதிருந்தால், நிறுவனம் 1985இல் வெளியேறியபோது அந்த இடத்துக்காக வாதாட எத்தனை பேர் வந்திருப்பார்கள்? வடிவமைப்பாளர் டெரன்ஸ் கான்ரனும் பதிப்பாளர் பால் ஹாம்லினும் அதை வாங்கிச் சீரமைத்து 1987இல் கடையும் உணவகமுமாகத் திறந்தார்கள். போர்க்காலத்தில் கழற்றப்பட்டுத் தொலைந்துபோன அந்தச் சன்னல்களைக்கூடப் புதிதாகச் செய்து பொருத்தினார்கள். கிங்ஸ் சாலையில் 1923இல் கட்டப்பட்ட புளூபேர்டு கராஜும் 1990-களில் இதே வழியில் உணவகமாகிப் பிழைத்தது. இவற்றில் இன்று யாரும் டயர் மாற்றுவதில்லை என்பதற்காக இவற்றைத் தோல்வி என்று சொல்ல முடியுமா? மாறாக, சிகாகோவில் 1918இல் கட்டப்பட்ட ஹோட்டல் லா சால் கராஜ் பல மாடிக் கராஜ்களின் வரலாற்றில் முக்கியமானதாக இருந்தும், கண்ணைக் கவரும் தோற்றம் இல்லாததாலோ என்னவோ, 2005இல் இடிபட்டது.

நடைமுறைச் சிக்கல்களையும் சொல்ல வேண்டும். ஃபோர்டு மாடல் டி காரின் அகலம் சுமார் 1.7 மீட்டர்தான், அந்த அளவுக்குப் போட்ட சாய்தளத்தில் இன்றைய கனத்த, அகன்ற வண்டிகள் உரசாமல் திரும்புவது கடினம். அங்கே மக்கள் நடக்க வேண்டுமானால், நடப்பதற்கும் சக்கர நாற்காலிக்கும் அதன் சரிவு மிக அதிகம். மண்ணுக்குள் பழைய பெட்ரோல் தொட்டிகள் துருப்பிடித்துக் கிடக்கும். 1923 முதல் பெட்ரோலில் ஈயம் கலக்கத் தொடங்கிய பிறகு பல பத்தாண்டுகள் சிந்தியதெல்லாம் அந்த மண்ணில் இருக்கும். சுத்தம் செய்யத் தோண்டினால், மேலே உள்ள நண்பர் அருமையாக விவரித்த குழியும் தரையும்தான் முதலில் போகும். மண்ணைத் தூய்மைப்படுத்தாமல் பொதுமக்களை உள்ளே விட எந்த அதிகாரியும் அனுமதி தர மாட்டார். இவ்வளவுக்கும் விடை இல்லாமல், சாய்தளம் இருந்தால்தான் கராஜ் என்று வரையறுத்தால், உரிமையாளர்கள் முழுவதையும் இடிக்கவே துணிவார்கள் என்று அஞ்சுகிறேன்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. தடயங்களைப் பற்றிய மறுமொழியை அப்படியே எங்கள் கள ஆய்வுக் குறிப்பில் சேர்க்க அனுமதி வேண்டுகிறேன். கொதிகலன் அறையின் வாசல் எந்தப் பக்கம் என்று இதுவரை நாங்கள் பார்த்ததே இல்லை.

மூன்றாம் மறுமொழியில் கூறிய மண் மாசுபாட்டை ஒதுக்கிவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் ஒன்றை மட்டும் கேட்க விரும்புகிறேன்: சாய்தளத்தையோ உள் அமைப்பையோ வைத்துக்கொண்டே, பயன்பாட்டை மாற்றி வெற்றி கண்ட கட்டடங்கள் உண்டா? இருந்தால், எங்கள் பக்கத்து வாதத்துக்கு அவைதான் வலு.

மறுமொழி 1 எழுதியவர் மீண்டும்

உண்டு. பெர்லினின் காண்ட் தெருவில் 1930இல் திறக்கப்பட்ட கராஜை முதலில் சொல்ல வேண்டும். ஹெர்மன் ஸ்வைகென்டால் வடிவமைத்த அதில் இரட்டைச் சுருள் சாய்தளம் இருக்கிறது: ஏறும் வழியும் இறங்கும் வழியும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு போனாலும், ஏறும் வண்டியும் இறங்கும் வண்டியும் எங்கும் எதிர்ப்படுவதில்லை. தளங்களில் ஒவ்வொரு வண்டிக்கும் இழுத்து மூடிப் பூட்டக்கூடிய எஃகுக் கதவுள்ள தனித்தனி அறைகள் இருந்தன. 1991 முதல் பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தும், பராமரிக்கக் கட்டுப்படியாகாது என்று சொல்லி அதை இடிக்க அனுமதி கேட்ட காலமும் இருந்தது. பின்னர் கைமாறி, சீரமைக்கப்பட்டு, 2022இல் அறைகலன் விற்பனைக் கூடமாகத் திறக்கப்பட்டது. சாய்தளம் இருக்கிறது, பூட்டு அறைகளில் சிலவும் இருக்கின்றன. மக்கள் அவற்றினூடே நடந்து போகிறார்கள். மேல் தளங்களுக்குப் போக லிஃப்ட் தனியாக இருப்பதால், சரிவு அதிகம் என்ற சிக்கலுக்குச் சாய்தளத்தை இடிப்பது ஒன்றே வழியல்ல என்பதும் அங்கே தெளிவாகிறது.

மாஸ்கோவின் பாஹ்மெத்யெவ் பேருந்துக் கராஜ் இன்னும் நல்ல சான்று. கட்டடக்கலைஞர் கான்ஸ்தாந்தின் மெல்னிகோவ், பேருந்துகளை ரிவர்ஸ் எடுத்து நிறுத்துவதில் இடமும் நேரமும் வீணாவதைப் பார்த்தார். உள்ளே வருபவை முன்னோக்கியே வந்து நின்று, முன்னோக்கியே வெளியேறும்படி, 1920-களின் நடுவில் இணைகரம்போலச் சாய்ந்த ஒரு தரைப்படத்தை வரைந்தார். அதன் மேல் எஃகுக் கூரையைப் போட்டவர் பொறியாளர் விளாதிமிர் ஷூஹொவ். அந்தக் கட்டடத்தின் சுவர் ஏன் பற்களைப் போல மடிந்து மடிந்து போகிறது என்று கேட்டால், பேருந்து திரும்பும் கோணம்தான் விடை. அது 2008இல் கலைக்கூடமாகி, 2012இல் யூத அருங்காட்சியகமானது. அந்தப் பெருங்கூடத்தையே அருங்காட்சியகம் தன் காட்சி வெளியாக வைத்துக்கொண்டது. அங்கே முகப்பை மட்டும் நிறுத்தியிருந்தால், மெல்னிகோவ் செய்ததில் முக்கியமான எதுவுமே மிஞ்சியிருக்காது.

மூன்றாம் மறுமொழி எழுதிய நண்பருக்கு: மிஷ்லின் கட்டடத்தைத் தோல்வி என்று நான் சொல்லவில்லை. அங்கே முகப்பும் டயர் மாற்றும் கூடமும் ஒட்டியே இருந்தன, வண்டியின் பாதை சில அடிகளில் முடிந்துவிட்டது. அதனால்தான் முகப்பைக் காத்தபோது பாதையும் பெரும்பாலும் காக்கப்பட்டது. ஹெர்பிராண்ட் தெருவில் உள்ள கராஜும் பின்னாளில் அலுவலகமாயிற்று, சுருள் சாய்தளத்தின் வடிவம் வெளியே அப்படியே தெரிகிறது. வண்டி அகலம் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் வெனிஸில் ரோமா சதுக்கத்தில் யூஜெனியோ மியோட்சி 1930-களின் தொடக்கத்தில் கட்டிய பெருங்கராஜ் இன்றும் கராஜாகவே இயங்குகிறது. நிலத்திலிருந்து வரும் சாலைப் பாலம் முடியும் இடத்தில், அதற்கு மேல் வண்டி போக முடியாத நகரத்தின் விளிம்பில் அது நிற்பதால், அதன் வேலை ஒருநாளும் தீர்ந்துபோகவில்லை. எந்தப் பயன்பாடும் ஒத்துவராது என்று முடிவு கட்டுமுன், பழைய பயன்பாடே ஒத்துவருமா என்று ஒரு முறை பார்க்கலாம்.

மண் மாசுபாட்டுக்கு என்னிடம் எளிய விடை இல்லை. தோண்டித்தான் ஆக வேண்டும் என்றால், தோண்டுவதற்கு முன் குழி, வடிகால், தொட்டி ஆகியவற்றின் ஆழத்தோடு தரைப்படத்தை வரைந்துவிடுங்கள். தரை போனாலும் பதிவு இருக்கும்.

படிவத்தைப் பொறுத்தவரை, மூன்று கட்டங்களைக் கூடுதலாகக் கேளுங்கள் என்பது என் பரிந்துரை. வாயிலிலிருந்து கடைசி நிறுத்துமிடம் வரை வண்டி போன வழியைத் தரைப்படத்தின் மேல் கோடாக வரைந்து இணைப்பது ஒன்று. சாய்தளத்தின் அகலம், சரிவு, வளைவின் உள் ஆரம், லிஃப்டாக இருந்தால் அதன் மேடையின் நீள அகலம் ஆகிய அளவுகள் இன்னொன்று; அந்த எண்களை வைத்தே எந்தக் காலத்து, எந்த அளவு வண்டிக்காகக் கட்டியது என்பதைப் பிறகு வருபவர் கணித்துக்கொள்ளலாம். வண்டியோடு வந்த மனிதர்கள் எங்கே இருந்தார்கள் என்பது மூன்றாவது: ஓட்டுநர்கள் காத்திருந்த அறை, மாடியில் அவர்கள் குடியிருந்த பகுதி, உரிமையாளர் அமர்ந்த கூடம். புளூபேர்டு கராஜில் பெண்களுக்கும், தாமே வண்டி ஓட்டி வந்த உரிமையாளர்களுக்கும், சம்பள ஓட்டுநர்களுக்கும் தனித்தனி ஓய்வறைகள் இருந்தன. அந்தச் சுவர்கள் மெல்லியவை, அலங்காரம் இல்லாதவை. எந்தச் சீரமைப்பிலும் முதல் நாளிலேயே உடைபடுபவை அவைதான். ஆகவே கள ஆய்வுக்குப் போகும்போது அவற்றை முதலில் அளந்துவிடுங்கள்.